பந்தெல்லேரியாவிலிருந்து வந்த போத்தல்

மதுவைப் பற்றி எழுதத் தகுதியுடையவன் நானல்லன். நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் இரவு ஆசிரியபீடத்தின் தேநீரையும், தூதரக விருந்துகளில் கையில் திணிக்கப்பட்ட ஏதோவொன்றையும் குடித்துப் பழகியவன். வைனில் சிவப்பென்றும் வெள்ளையென்றும் இரண்டு உண்டு என்பதற்கப்பால் என் அறிவு சென்றதில்லை. இனிப்பான வைன் என்றால் தோலகட்டி மடத்தாரின் முந்திரிகை ரசம்தான் என் நினைவுக்கு வரும். இருந்தும், 2018 செப்ரெம்பரில் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் அருந்திய ஒரு சிறு கிண்ணம் வைனைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. அந்த வைன் ஒரு காரணம். அதை ஊற்றித் தந்தவனுக்கு நான் பட்டிருந்த கடன் மற்றொரு காரணம்.

கடனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவன் என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவன். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் என்னை எப்போதும் முந்தியவன். 1985இல் நாட்டை விட்டுப் புறப்பட்டு, ஜேர்மனிக்குப் போக எண்ணி, வழியில் பலேர்மோவில் தங்கிவிட்டான். யாழ்ப்பாணத்தவர் பலர் அக்காலத்தில் அந்நகருக்குச் சென்று வீட்டுவேலைகளில் அமர்ந்தார்கள். 1989இல் நான் கொழும்பில் பணியாற்றிய பத்திரிகையில், இத்தாலி சென்ற நம்மவர் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். பலேர்மோவை நான் கண்டதில்லை. ஒரு வெளிநாட்டுச் செய்திக்குறிப்பும், அவனுடன் தொலைபேசியில் பேசிய கால்மணி நேரமுமே என் ஆதாரம். “பிறர் மேசையில், பிறர் அருந்தும் மதுவை ஊற்றிக் கொடுத்துக் காலம் கழிக்கும் பட்டதாரி” என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை அப்போது மிகவும் நயந்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவனுடைய பெயரை நான் குறிப்பிடவில்லை. ஊரையும் பாடசாலையையும் குறிப்பிட்டேன். எங்கள் ஊரிலிருந்து அந்நாளில் பலேர்மோ சென்ற பட்டதாரி அவன் ஒருவனே என்பது எனக்குத் தெரியாததன்று. அவனுடைய தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் இத்தாலியில் ஒரு கம்பனியில் கணக்கு எழுதுகிறான் என்று அயலவருக்குச் சொல்லி வந்தவர். அந்த ஞாயிறு இதழ் எங்கள் ஊர் வாசிகசாலைக்கும் போயிற்று. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் அவன் என்னுடன் பேசவில்லை. 2017இல் லண்டனில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலில் எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் இடையிற் புகுந்து தொலைபேசி இலக்கத்தைத் தந்தார். நான் அழைத்தேன். “வா, வந்து பார்த்துப்போட்டு எழுது” என்றான் அவன். குரலில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

நான் போய்ச் சேர்ந்த நாள் செப்ரெம்பர் மூன்றாம் திகதி. அன்றிரவு பலேர்மோ மக்கள் சாந்தா ரொசாலியாவின் திருத்தலத்துக்காகப் பெல்லெக்ரினோ மலையில் ஏறுவார்கள். 1624இல் நகரைப் பீடித்த கொள்ளைநோயை நீக்கியவள் என்று நம்பப்படும் அப்புனிதவதி, இன்று அந்நகரத் தமிழருக்கும் காவல்தெய்வம். கத்தோலிக்கர், சைவர் என்ற வேறுபாடின்றி நம்மவர் அங்கே போகிறார்கள். அவனும் மனைவியும் மலையேறி இறங்கி விடியற்காலையில்தான் வந்தார்கள். முழங்கால் நோவைக் காரணங்காட்டி நான் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் இரவு உணவுக்குப் பின்னரே அந்தப் போத்தல் வெளியே வந்தது.

சாதாரண வைன் போத்தலிற் பாதியளவே இருந்தது. கிண்ணங்களும் சிறியவை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் மேசையில் வைத்துவிட்டான். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தால் மணம் எழாது. அறைச்சூட்டில் இருந்தால் இனிப்பும் மதுவின் வெப்பமுமே மேலோங்கும். பன்னிரண்டு, பதின்மூன்று பாகை செல்சியஸ் போதும் என்றான்.

பெயர் பாசித்தோ தி பந்தெல்லேரியா. உலரவைத்த முந்திரிகையிலிருந்து செய்யப்படும் வைனை இத்தாலியர் பாசித்தோ என்பர். பந்தெல்லேரியா என்பது சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையில், ஆபிரிக்கக் கரைக்குக் கூடுதல் அண்மையாகக் கிடக்கும் எரிமலைத் தீவு. பரப்பளவு ஏறத்தாழ 83 சதுர கிலோமீற்றர். ஆறு இல்லை; மழையும் குறைவு. ஆண்டின் பெரும்பகுதி காற்றுத்தான். ஒற்றைத் தோடைமரத்தைக் காப்பதற்காக ஆளுயரத்துக்கு மேல் வட்டமாகக் கல்மதில் கட்டும் அளவுக்கு அங்கே காற்று வீசுகிறது. வீடுகளின் வளைந்த கூரைகளும் மழைநீரை வழித்துத் தொட்டிக்குள் விடுவதற்கென்றே அமைந்தவை.

அந்தத் தீவில் முந்திரிகைக்குப் பந்தல் கிடையாது. நிலத்தில் குழி வெட்டி, அதனுள்ளே கொடியை நட்டு, தரைக்கு மேல் எழும்பவிடாமல் கவாத்துப் பண்ணிக் குட்டையாகப் படரவிடுகிறார்கள். காற்று தலைக்கு மேலே போய்விடும். இரவிற் படியும் ஈரம் குழிக்குள்ளே தங்கும். யந்திரம் எதுவும் நுழையமுடியாது. குனிந்த முதுகும் இரு கைகளுமே கருவிகள். தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்ட இப்பயிர்ச்செய்கை முறையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் தொட்டுணரமுடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. முந்திரிகையின் பெயர் சிபிப்போ. உலர்ந்த முந்திரிகையைக் குறிக்கும் ‘சபீப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அரபியர் ஆண்ட காலத்தின் சுவடு அது. அலெக்சாந்திரியாவின் மஸ்கற் என்று பிறநாட்டார் அழைப்பதும் இந்த இனத்தையே.

இவற்றை அவன் நூலிலிருந்து படித்துச் சொல்லவில்லை. அவன் வேலை செய்த வீட்டு மூதாட்டிக்குப் பந்தெல்லேரியாவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஒவ்வொரு ஓகஸ்ற் மாதமும் குடும்பம் தீவுக்குப் போகும், அவனும் போவான். ஓகஸ்ற் நடுப்பகுதியில் முதற்குலைகளைப் பறித்து வெயிலிற் பரப்புவார்கள். இரண்டு வாரமோ நான்கு வாரமோ, வெயிலுக்கு ஏற்றபடி அவை காயும். நாள்தோறும் கையாற் புரட்டவேண்டும். இரவில் ஈரம் படாமல் மூடவேண்டும்.

“ஒடியல் காயப்போடுற மாதிரித்தான் மச்சான். ஆனால் ஒடியல் காய்ஞ்சு முறியவேணும். இது முறியக்கூடாது, வளையவேணும்” என்றான்.

செப்ரெம்பரில் இரண்டாவது அறுவடை. அந்தப் புதுப் பழங்களைப் பிழிந்து, சாறு நொதிக்கத் தொடங்கியதும், காம்பு நீக்கிய வற்றலைச் சிறிது சிறிதாக அதனுட் சேர்ப்பார்கள். வற்றல் தன் இனிப்பையும் மணத்தையும் சாற்றுக்குள் விடும். சாற்றில் மதுச்சத்து ஏற ஏற, மிகுந்த இனிப்பின் நடுவே நொதியின் வலிமை குறைந்து ஓய்ந்துவிடும். அவ்வாறு எஞ்சும் சர்க்கரை ஒரு லீற்றரில் நூறு கிராமுக்கும் மேலே நிற்கும். மது 14, 15 வீதம் இருக்கும். வெளியிலிருந்து சர்க்கரையும் சேர்ப்பதில்லை, சாராயமும் சேர்ப்பதில்லை. அதே சிசிலியின் மார்சாலா வைன் இதற்கு மாறானது. 1773இல் ஜோன் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் அதைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியபோது, கடற்பயணத்திற் கெடாதிருக்க மதுச்சாரம் கலந்தார். அதிலிருந்து வந்த வழக்கம் அங்கே இன்றும் தொடர்கிறது.

கிண்ணத்தில் மூன்று விரற்கடை உயரத்துக்கு மேல் அவன் ஊற்றவில்லை. விளக்குக்கு எதிரே பிடித்தேன். நன்கு வடித்த நல்லெண்ணெயின் நிறம். ஓரத்தில் சற்றுச் செம்மை. கிண்ணத்தைச் சாய்த்து நிமிர்த்தியபோது சுவரில் மெல்ல வழிந்து இறங்கியது. குடிக்கப் போனேன். “பொறு, முதலிலே மணந்து பார்” என்றான்.

மணந்தேன். “தேன்” என்றேன்.

“எல்லாரும் முதலிலே அதைத்தான் சொல்லுவினம். திரும்ப மண.”

இரண்டாம் முறை தோடம்பழத் தோல் மணத்தது. மூன்றாம் முறை உலர்ந்த அப்ரிகொற். அதற்குப் பின்னால் ஏதோவொரு பூ. எனக்குத் தெரிந்த பூ. பெயர் நாவில் வரவில்லை.

“சுவாமிப் படத்துக்கு முதல்நாள் போட்ட மல்லிகை” என்றான்.

உண்மைதான். காலையில் பழைய பூக்களைக் களையும்போது பூசையறையில் எழும் மணம் அது. சொல்லிய பிறகு அதைத் தவிர வேறெதையும் என்னால் மணக்க முடியவில்லை.

வாயில் வைத்தபோது முதலிற் பாகுபோல இனித்தது. திகட்டப்போகிறது என்று நான் நினைத்த கணத்தில் தேசிக்காய் போன்றதொரு புளிப்பு எழுந்து நாக்கைக் கழுவிவிட்டது. விழுங்கிய பின்னும் நெடுநேரம் பேரீச்சம்பழமும் சிறிது உப்பும் நின்றன. இந்தப் புளிப்புத்தான் நல்ல இனிப்பு வைனுக்கும் வெறும் பாணிக்கும் உள்ள வேறுபாடு என்றான் அவன்.

இவ்வளவும் எங்கே கற்றாய் என்று கேட்டேன். அவன் சொன்ன கதையை இயன்றவரை அவன் சொன்னபடியே தருகிறேன்.

1987இல் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தான். விருந்தினர் வரும்போதெல்லாம் உணவின் முடிவில் இந்த வைனை ஊற்றிக் கொடுப்பது அவன் பொறுப்பு. பதினொரு ஆண்டுகள் ஊற்றினான். ஒரு துளி வாயில் வைத்ததில்லை. “குடிக்கவேண்டாமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. குடிக்கிறியோ எண்டு ஒருத்தரும் கேக்கவுமில்லை” என்றான்.

1998இல் மூதாட்டிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து நீங்கியது. அதனோடு மோப்ப உணர்வும் போயிற்று. சோறும் கறியும் மண் என்பார்களே, அந்த நிலை. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. முதுமையின் பலவீனங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்ற அச்சம். ஒருநாள் விருந்துக்கு முன் குசினிக்கு வந்து, கதவைச் சாத்தி, இரண்டு போத்தல்களைத் திறக்கச் சொல்லி, கதிரையொன்றை இழுத்து அவனை உட்காரச் சொன்னார். இவற்றில் எது நல்லது, அதன் மணம் என்ன என்று கேட்டார்.

அவனுக்கு வீட்டுவேலைக்கான இத்தாலிய மொழிதான் தெரியும். மணங்களுக்குச் சொற்கள் தெரியாது. ஆகவே தெரிந்ததைச் சொன்னான். ஒரு போத்தலில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோலுக்கு அடியில் இருக்கும் மணம் என்றான். மூதாட்டி மாமரத்தைக் கண்டவரல்லர். எப்படிப்பட்ட பழம், என்ன நிறம், புளிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, “அப்படியானால் அப்ரிகொற்” என்று முடிவு செய்தார். மற்றதில் சாமிக்கு வைத்து வாடிய மல்லிகை என்றான். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பலேர்மோ வீடுகளிலும் மல்லிகை உண்டு. அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்தப் போத்தலையே மேசைக்கு எடுத்துப் போகச் சொன்னார்.

அன்று தொடக்கம் 2011இல் அவர் இறக்கும்வரை, அந்த வீட்டுக்கு எந்தப் போத்தல், எந்த உணவோடு என்பதை இவனே தீர்மானித்தான். வீட்டார் யாருக்கும் அது தெரியாது. அம்மாவின் நாக்கு எண்பது வயதிலும் தவறவில்லை என்று பிள்ளைகள் வியந்து பேசுவதைத் தட்டுக்களைக் கழுவிக்கொண்டே கேட்பானாம்.

எந்த உணவோடு என்பதில் அவன் கற்ற முதல் விதி இது: உணவு வைனைவிட இனிப்பாக இருத்தல் ஆகாது. அதை எனக்குச் சொல்லாமல் காட்டினான். கஸ்ஸாத்தா என்ற சிசிலிய இனிப்பில் ஒரு துண்டை வைத்தான். றிக்கொத்தாப் பாலாடை, பாதாம் மா, சீனிப்பாகில் ஊறிய பழங்கள். அதை உண்டு வைனைக் குடித்தேன். சற்றுமுன் பாகுபோலிருந்த அதே வைன் புளித்த தண்ணீராகிவிட்டது. அடுத்து, பாதாம் மாவில் செய்த மெத்தென்ற சிறு பணியாரம். இனிப்புக் குறைவு, இலேசான கசப்பும் உண்டு. வைன் மீண்டும் உயிர்பெற்றது.

மூன்றாவதாக, முழு மிளகு பதித்த முதிர்ந்த ஆட்டுப்பாற் கட்டி. அதற்குப் பக்கத்தில் நீலப்பூஞ்சணம் ஓடிய கொர்கொன்சோலா. அன்றைய இரவின் உச்சம் அதுவே. உப்பும் கொழுப்பும் காரமும் ஒருபக்கம், இனிப்பும் புளிப்பும் மறுபக்கம். ஒன்றையொன்று அடக்கவுமில்லை, தூக்கி நிறுத்தின. மாங்காய்த் துண்டை உப்பில் தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு இது புதிய தத்துவமன்று. பந்தெல்லேரியாவின் மற்றொரு விளைபொருளான, கடலுப்பிலிட்ட கேப்பர் மொட்டுக்களையும் கழுவிப் பாண்துண்டின்மேல் வைத்துத் தந்தான். ஒரே மண்ணில், ஒரே காற்றில் விளைந்தவை, பொருந்தாமற் போகுமா?

அவனுடைய மனைவி நம்மூர்ப் பலகாரங்களையும் கொண்டுவந்து வைத்தார். பயற்றம் உருண்டை நன்றாகவே பொருந்தியது. வறுத்த பயறின் மணம் வைனிலுள்ள உலர்பழ மணத்தோடு சேர்ந்துகொண்டது. தொதல் கஸ்ஸாத்தாவின் கதியையே அடைந்தது. உறைப்பான பருத்தித்துறை வடையைக் கடித்துவிட்டுக் குடித்தபோது வாயும் தொண்டையும் எரிந்தன. மது உறைப்பைத் தணிக்காது, கூட்டும் என்பதை அப்போது அறிந்தேன்.

இத்தாலியின் வேறு இனிப்பு வைன்களுக்கும் அவன் தனித்தனித் துணை வைத்திருந்தான். பீட்மொன்ற்றின் மொஸ்காத்தோ தாஸ்தி ஐந்து, ஆறு வீத மதுவோடு மெல்லென நுரைப்பது. பழங்களுக்கும் நத்தார்க் கேக்குக்கும் ஏற்றது. வெரோனாப் பக்கத்து ரெச்சோத்தோ தெல்லா வல்போலிச்செல்லா சிவப்பு வைன். கசப்பான சொக்கிலேற்றோடு சேரும். தொஸ்கானாவின் வின்சாந்தோவைக் கன்தூச்சி என்ற இருமுறை சுட்ட பாதாம் பிஸ்கற்றோடு அருந்துவர். அந்தப் பிஸ்கற்றை வைனில் தோய்ப்பதா கூடாதா என்பது அங்கே பெரிய வழக்கு. “மலிவான வைனெண்டால் தோய்க்கலாம். நல்லதெண்டால் பக்கத்திலே வைச்சுத் தின்னவேணும்” என்பது இவன் தீர்ப்பு.

மனைவி உறங்கச் சென்றபின் நான் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே கையமர்த்திவிட்டான்.

“நீ பொய் எழுதேல்லை. நான் ஊத்திக் குடுத்தது உண்மைதான். அப்பு அந்தப் பேப்பரை அலுமாரிக்குள்ளே வைச்சுப் பூட்டிப்போட்டார். அம்மாவுக்குக்கூடக் காட்டேல்லையாம். அதுக்குப் பிறகு வாசிகசாலைக்குப் போறதை விட்டிட்டார். அவர் சாகும்வரைக்கும் அதைப்பற்றி எனக்கு ஒரு வரி எழுதேல்லை. பிறகு அக்காதான் சொன்னவ” என்றான்.

சிறிது நேரம் சென்றபின், “ஊத்திக் குடுக்கிறவனுக்கு என்ன தெரியுமெண்டு நீ ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கால்மணித்தியாலம் கதைச்சனாங்கள். சம்பளம் எவ்வளவு, படுக்க இடம் இருக்கோ எண்டு கேட்டாய். வேறொண்டும் கேக்கேல்லை” என்றான்.

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. தொழிலில் எத்தனையோ தவறுகளுக்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறேன். பெயர்ப்பிழை, திகதிப்பிழை, பதவிப்பிழை. கேட்காத கேள்விக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. திருத்தம் வாசிக்கவேண்டிய முதியவரும் இன்று இல்லை.

அவன் மிகுதி வைனை இருவருக்கும் சமமாக ஊற்றினான். இனிப்புக் கூடியதாகையால் திறந்த போத்தலை மூடிக் குளிரில் வைத்தால் சில வாரம் கெடாதிருக்கும் என்று அவனே முன்னர் சொல்லியிருந்தான். அன்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் வெளியிடுமுன் தொலைபேசியில் அவனுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஊரையும் பாடசாலையையும் இம்முறை விட்டுவிட்டேன். குறுக்கிடாமற் கேட்டான். முடிவில் இரண்டு திருத்தங்கள் சொன்னான். வற்றல் முறியக்கூடாது, வளையவேண்டும் என்பதை நான் மாற்றி எழுதியிருந்தேன்; அதைச் சரிசெய்துவிட்டேன். மற்றது, வைனின் மணங்களில் முதலாவதாக நான் தேனை எழுதியிருந்தது.

“தேனை வெட்டு” என்றான்.

நான் சொன்னது தேன் என்றுதானே, நடந்ததை எழுதவேண்டாமா என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, “அப்ப இருக்கட்டும். நீ சொன்னதெண்டு எழுது” என்றான்.

அப்படியே எழுதியிருக்கிறேன்.